பத்துப் பிள்ளைகளின் தாய், மாமாங்கத்தில் ஒரு மாதம்

மார்ச் 19இல் தொடங்கி ஏப்ரல் 19இல் முடிந்த ஒரு மாதத்தைக் கொண்டுதான் அன்னை பூபதியை நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த மாதத்துக்கு முந்திய 55 வருடங்களும் எங்களுடைய நினைவுக் கட்டுரைகளில் ஒரு வரிக்குள் அடங்கிவிடும். பத்துப் பிள்ளைகளின் தாய் என்பதுதான் அந்த வரி. அதை எழுதிவிட்டு எல்லோரும் உடனே உண்ணாவிரத மேடைக்குப் போய்விடுவோம்.

எனக்கோ கன காலமாக அந்த ஒரு வரியில்தான் மனம் நிற்கிறது. கணபதிப்பிள்ளை பூபதி 1932 நவம்பர் 3இல் பிறந்தவர். 1988 ஏப்ரல் 19இல் இறந்தபோது பேரப்பிள்ளைகளைக் கண்டிருந்தார். மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த எனக்கு அவருடைய வயதுப் பெண்களை நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் அவர்களைப் பெத்தா என்று கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்தார் அம்மம்மா, அப்பம்மா, ஆச்சி என்று சொல்வதைத்தான் இந்தச் சொல்லும் சொல்கிறது. ஆனால் பெத்தா என்றால் எங்களுக்கு அதற்குள் ஒரு வீடும் இருக்கும்.

கிழக்கு மண்ணைத் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மட்டக்களப்பில் குடி என்பது தாய் வழியாக வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். பெற்றவர்கள் அதே வளவில் இன்னொரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள், அல்லது கடைசி மகளோடு இருந்துவிடுவார்கள். இப்படியாக ஒரு வளவின் நடுவில் எப்போதும் ஒரு பெத்தா இருப்பார். பேரப்பிள்ளைகள் அவரைச் சுற்றித்தான் வளர்வார்கள். அயலில் யாருக்குப் பிள்ளைப்பேறு, எந்த வீட்டில் உலை வைக்கவில்லை, எந்தப் பொடியன் இரவு வீடு திரும்பவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். சமூக சேவை என்று அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை. அவர்களுடைய அன்றாட வேலைகளில் அதுவும் ஒன்று.

1980களில் அந்த வேலையின் தன்மை மாறியது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1983க்குப் பிறகு கிழக்கில் விசேட அதிரடிப்படையின் முகாம்கள் பெருகின. விடியப்புறம் ஊரைச் சுற்றிவளைப்பார்கள். கோயில் வீதியிலோ பாடசாலை மைதானத்திலோ ஆண்களை வரிசையாக இருத்துவார்கள். முகமூடி போட்ட தலையாட்டி ஒருவர் வாகனத்துக்குள் இருந்து தலையை அசைப்பார். அசைத்தால் அந்தப் பிள்ளை போனதுதான். பிறகு முகாம் வாசலுக்குப் போவது யார்? தகப்பன் போனால் அவரையும் பிடித்து வைப்பார்கள். தமையன் போகவே முடியாது. ஆகவே தாய்மார் போனார்கள், பெத்தாமார் போனார்கள். சோற்றுப் பார்சலோடும் அடையாள அட்டையின் பிரதியோடும் காலையிலிருந்து மாலைவரை வெயிலில் நின்றார்கள். உள்ளே இருப்பது தன் பிள்ளையா அயல் வீட்டுப் பிள்ளையா என்று பார்த்து நின்றவர்கள் குறைவு. ஒரு பார்சல் கூடுதலாகக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். என்னுடைய பெத்தாவும் அப்படி நின்றவர். அந்த நாட்களைப் பற்றிக் கதைக்கும்போது தான் அழுததை அவர் சொல்லமாட்டார். எத்தனை பார்சல் கட்டினேன் என்பதைத்தான் சொல்வார்.

1987 ஜனவரி 28ஆம் திகதி கொக்கட்டிச்சோலைப் பக்கம் மகிழடித்தீவில் இறால் பண்ணைத் தொழிலாளர்கள் உட்படப் பலர் அதிரடிப்படையினரால் கொல்லப்பட்டார்கள். அந்த வருடம் மட்டக்களப்பில் தாயாக இருப்பது என்றால் என்ன என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பூபதி அம்மாவின் வீட்டுக்கும் அது வந்தது. இரண்டு மகன்களை இலங்கைப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் இழந்தார். இன்னொரு மகன் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானார். அதற்குப் பிறகு ஒரு தாய் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அப்படி இருந்தவர்களும் ஏராளம், அவர்களுடைய துயரம் எந்த வகையிலும் சிறியதில்லை. பூபதி அம்மா வெளியே வந்தார். அன்னையர் முன்னணியில் சேர்ந்தார்.

அன்னையர் முன்னணி என்ற பெயரைக் கேட்டவுடன் பலருக்கு 1990இல் தெற்கில் மாத்தறையில் தொடங்கிய சிங்களத் தாய்மாரின் அமைப்புத்தான் ஞாபகம் வரும். ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அதற்கு ஆறு வருடங்களுக்கு முன்பே, 1984இல், யாழ்ப்பாணத்தில் தமிழ்த் தாய்மார் அதே பெயரில் திரண்டு, பிடிக்கப்பட்ட இளைஞர்களை விடுவிக்கச் சொல்லி அரசாங்க அதிபரிடம் ஊர்வலமாகப் போயிருந்தார்கள். கிழக்கிலும் அந்த அமைப்பு உருவானது. 1986இல் இயக்கங்கள் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கியபோது, ரெலோ பொடியன்களைப் புலிகள் கொல்லாமல் தடுப்பதற்காகக் கிழக்குப் பெண்கள் கையில் உலக்கைகளோடு தெருவுக்கு வந்தார்கள் என்பது எழுத்தில் பதிவான செய்தி. இந்தச் செய்தியை எங்கள் பக்கத்தில் அதிகம் பேசுவதில்லை. பேசவேண்டும் என்று நினைக்கிறேன். துவக்குக்கு முன்னால் உலக்கையோடு நின்ற அந்தப் பெண்கள் எந்தக் கட்சி என்று கேட்டால் பதில் கிடையாது. அடுத்த வீட்டுப் பிள்ளை சாகக்கூடாது என்பதற்காக வந்தவர்கள் அவர்கள். பூபதி அம்மாவை விளங்கிக்கொள்ள அந்தப் பெண்களை விளங்கிக்கொள்வது உதவும்.

1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்தியப் படை வந்து இறங்கியபோது மாலை போட்டு வரவேற்றார்கள். முகாம் வாசல்களில் நின்று களைத்த தாய்மாருக்கு அது மூச்சுவிடக் கிடைத்த நேரம். மூன்று மாதம்கூட அது நீடிக்கவில்லை. செப்டெம்பரில் நல்லூரில் திலீபன் ஐந்து கோரிக்கைகளோடு நீரும் அருந்தாமல் இருந்து 12ஆம் நாள் உயிர் விட்டார். ஒக்டோபர் 10ஆம் திகதி இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் இடையில் போர் வெடித்தது. அதே மாதம் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் நோயாளிகளும் வைத்தியர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள்.

மட்டக்களப்பில் சுற்றிவளைப்பும் தலையாட்டியும் முகாம் வாசலும் திரும்பி வந்தன. சீருடை மட்டும் வேறு. முன்பு சிங்களத்தில் கேட்ட அதட்டல் இப்போது ஹிந்தியில் கேட்டது. தாய்மார் சோற்றுப் பார்சலை மறுபடி கட்டத் தொடங்கினார்கள்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அன்னையர் முன்னணி இரண்டு கோரிக்கைகளை வைத்தது. உடனடியாகப் போர் நிறுத்தம் செய்ய வேண்டும். புலிகளுடன் பேச்சுவார்த்தை நடத்தித் தீர்வு காண வேண்டும். அவ்வளவுதான். 1988இன் தொடக்கத்தில் முன்னணிப் பெண்கள் அடையாள உண்ணாவிரதம் இருந்தார்கள், ஊர்வலம் போனார்கள், இந்தியப் படை அதிகாரிகளோடு பேசினார்கள். பேச்சில் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகுதான் சாகும்வரை உண்ணாவிரதம் என்ற முடிவு வந்தது. பலர் முன்வந்தார்கள் என்பதால் சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். அன்னம்மா டேவிட் என்ற பெயர் வந்தது.

இந்த இடத்தை நான் வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் சற்று நிற்பேன். சீட்டுக் குலுக்குவது எங்கள் பெண்களுக்குப் பழக்கமான விடயம். மாதா மாதம் சீட்டுக் காசு கட்டி, யாருக்கு முதலில் விழும் என்று குலுக்கிப் பார்ப்பார்கள். விழுந்தவர் மகளுக்கு ஒரு சோடிக் காப்பு வாங்குவார், அல்லது கூரையை வேய்வார். அதே கைகள் அந்த வருடம் யார் முதலில் சாகப் போவது என்று குலுக்கின.

1988 பெப்ரவரி 16ஆம் திகதி அன்னம்மா டேவிட் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலய முன்றலில் உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவப் பெயர் கொண்ட ஒரு பெண் பிள்ளையார் கோயில் வாசலில் உண்ணாவிரதம் இருப்பதை அந்த நேரம் யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. சில நாட்களில் இந்தியப் படையினர் அவரை அங்கிருந்து பலவந்தமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். குடும்பத்தவர்கள் கேட்டதன்படிதான் அப்படிச் செய்ததாகக் காரணம் சொல்லப்பட்டது.

பூபதி அம்மாவின் முறை வந்தபோது அவர் முதலில் செய்த காரியம் எழுதி வைத்ததுதான். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தன் விருப்பத்தோடு இருப்பதாகவும், தான் நினைவிழந்தாலும் கணவரோ பிள்ளைகளோ தன்னை வைத்தியசாலையில் சேர்க்கக்கூடாது என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். அன்னம்மாவுக்கு நடந்தது தனக்கு நடக்கக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். வீட்டில் எதையும் முன்யோசனையோடு செய்து பழகிய ஒரு பெண்ணின் கையை இதில் காண்கிறேன். வெளியூர் போகும்போது அரிசிப் பானைச் சாவி எங்கே, கோழியை யார் அடைப்பது என்று சொல்லிவிட்டுப் போகும் பெத்தாமாரின் கை. தன் உடம்பை யார் தொடக்கூடாது என்பதையும் அதே ஒழுங்கோடு அவர் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 19ஆம் திகதி மாமாங்கத்தில் குருந்தை மரத்தின் நிழலில் வந்து இருந்தார்.

மாமாங்கம் சும்மா ஒரு கோயில் வீதி இல்லை. மட்டக்களப்பு நகருக்கு அருகே, வாவியும் கடலும் நெருங்கி வரும் அமிர்தகழியில் உள்ள தலம் அது. ஆடி அமாவாசையன்று அங்குள்ள தீர்த்தக் குளத்தில் இறங்கி முழுகி, இறந்துபோன தகப்பன்மாருக்குக் கடன் கழிக்க மாவட்டத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் சனம் வரும். பிள்ளை வரம் கேட்டு வருவார்கள், பிள்ளைக்கு முதற் சோறு ஊட்ட வருவார்கள், நேர்த்தி வைத்து வருவார்கள். விரதம் என்பது அந்த வீதிக்குப் புதிதில்லை. வாழ்நாள் முழுக்கக் கந்தசஷ்டி, கேதாரகௌரி, வெள்ளிக்கிழமை என்று பிள்ளைகளுக்காகவும் புருஷனுக்காகவும் விரதம் பிடிக்கும் பெண்களின் ஊர் இது. பசியை அடக்குவது எப்படி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எல்லா விரதத்துக்கும் பாறணை என்று ஒன்று உண்டு. பூபதி அம்மாவின் விரதத்துக்குப் பாறணை டெல்லியின் கையில் இருந்தது.

தண்ணீர் மட்டும் எடுத்தார். உண்ணாமல் இருக்கும் உடம்பு முதல் ஓரிரு நாட்களில் தன்னிடமிருக்கும் சீனிச்சத்தைத் தீர்த்துவிடும். பிறகு கொழுப்பை எரிக்கும். கொழுப்புக் குறையக் குறையத் தசையை எடுக்கத் தொடங்கும். இதயமும் ஒரு தசைதான். 1981இல் வட அயர்லாந்துச் சிறையில் தண்ணீரும் உப்பும் மட்டும் எடுத்து உண்ணாவிரதம் இருந்து இறந்த பத்துப் பேரும் இளம் வயது ஆண்கள். பொபி சாண்ட்ஸ் 66ஆம் நாளில் இறந்தார். பூபதி அம்மாவுக்கு 55 வயது. பத்துப் பிள்ளைகளைச் சுமந்து, பெற்று, பாலூட்டிய உடம்பு. பங்குனி வெயில். மரத்தின் நிழல் எவ்வளவு காக்கும்?

நாட்கள் போயின. பெண்கள் வந்து பக்கத்தில் இருந்தார்கள். இந்தியப் படையினரின் கெடுபிடிகளுக்கு நடுவிலும் ஊர்களிலிருந்து சனம் வந்தது. பங்குனி முடிந்து சித்திரை பிறந்தது. அதாவது, அவர் தண்ணீரோடு படுத்திருந்த அந்த மரத்தடியிலேயே வருடப் பிறப்பும் வந்தது. எங்கள் வீடுகளில் வருடப் பிறப்பு என்றால் பெத்தாவின் நாள். தலையில் மருத்து நீர் வைத்து முழுக வார்ப்பது அவர். பலகாரச் சட்டியைக் காவல் காப்பது அவர். வெற்றிலையில் காசு வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கைவிசேடம் கொடுப்பது அவர். 1988 சித்திரையில் மட்டக்களப்பில் எத்தனை வீடுகளில் பலகாரம் சுட்டிருப்பார்கள் என்பது வேறு கதை. ஒரு வீட்டில் மட்டும் கைவிசேடம் கொடுக்க வேண்டியவர் கோயில் வீதியில் எழும்ப முடியாமல் கிடந்தார்.

கோரிக்கை இரண்டில் ஒன்றுகூட நிறைவேறவில்லை. ஏப்ரல் 19ஆம் திகதி உயிர் பிரிந்தது. எங்கள் வழக்கத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள்வரை எண்ணுவோம். அந்த நாளில் அந்தியேட்டி செய்து, அமுது படைத்து, ஊருக்குச் சோறு போடுவோம். பூபதி அம்மாவுக்கு மார்ச் 19இலிருந்து எண்ணினால் ஏப்ரல் 19 உடன் 31 நாள் கழிகிறது. உயிரோடு இருக்கும்போதே எண்ணி முடித்தாயிற்று.

உண்ணாவிரதம் என்றால் என்னவென்று தெரியாத நாட்டின் முன்னால் அவர் அதை இருக்கவில்லை. காந்தி பல தடவை உண்ணாவிரதம் இருந்த நாடு அது. 1952இல் ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு 58 நாட்கள் இருந்து இறந்தபோது, சில நாட்களிலேயே நேருவின் அரசு அந்த மாநிலத்தை அறிவித்தது. 1956இல் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு விருதுநகரில் சங்கரலிங்கனார் 76 நாட்கள் இருந்து இறந்தார். பெயர் வருவதற்குப் பத்து வருடங்களுக்கு மேல் எடுத்தாலும் கடைசியில் வந்தது. ஒருவர் பட்டினி கிடந்து செத்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது இந்திய அரசியலுக்குத் தெரிந்த கணக்கு. மாமாங்கத்தில் அந்தக் கணக்கு எடுபடவில்லை. போர் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. கடைசி இந்தியப் படையினர் கப்பல் ஏறியது 1990 மார்ச் 24இல்.

அவரை நாவலடியில் அடக்கம் செய்தார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல். 2004 டிசெம்பர் 26இல் சுனாமி அந்த ஊரையே வாரிக்கொண்டு போனது. இன்று நினைவு நாளில் அங்கு விளக்கேற்ற வருபவர்களில் பாதிப்பேருக்கு நாவலடி என்றால் அலை கொண்டுபோன சொந்தங்களும் சேர்த்துத்தான். ஒரே மணலில் இரண்டு துக்கம்.

அவர் இறந்த பிறகு அவருடைய பெயருக்கு ஒரு தனி வாழ்க்கை தொடங்கியது. விடுதலைப் புலிகள் ஏப்ரல் 19ஐ நாட்டுப்பற்றாளர் நாளாக அறிவித்தார்கள். நோர்வேயில் தமிழ்ப் பிள்ளைகள் தாய்மொழி படிக்கும் பாடசாலைகளுக்கு அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் என்று பெயர் வைத்தார்கள். இங்கே மட்டக்களப்பில் ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சோறூட்டக் கொண்டு வரும் கோயில் வீதியில் பட்டினி கிடந்த பெண்ணின் பெயரைச் சொல்லிக்கொண்டு, பனியில் நனைந்த சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே பிள்ளைகள் அகரம் எழுதுகிறார்கள். அந்தப் பெயரின் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

மறுபக்கமும் உண்டு. அந்த உண்ணாவிரதம் புலிகளின் ஏற்பாடு, ஒரு தாயின் துக்கத்தை அரசியலுக்குப் பயன்படுத்தினார்கள் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். தானாக எழுந்த மக்கள் போராட்டம், அதில் யாருக்கும் பங்கில்லை என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இயக்கத்தின் நிழல் படாமல் எதுவும் நடந்திருக்கும் என்று நம்புவது சின்னப்பிள்ளைத்தனம். அதற்காக, எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்திருந்த 55 வயதுப் பெண்ணை யாரோ ஆட்டிய பொம்மையாகப் பார்ப்பதும் அவமதிப்பு. ஊடகக் கற்கையில் பட்டம் படித்த காலத்தில் ஒரு முகப்படம் எப்படி அந்த ஆளையே மறைத்துவிடும் என்று ஒரு பாடம் இருந்தது. வகுப்பில் உலகத்துப் படங்களையெல்லாம் போட்டுக் காட்டினார்கள். நான் நினைத்துக்கொண்டிருந்தது மாலை போட்ட பூபதி அம்மாவின் படத்தை.

போர் முடிந்த பிறகும் அவரை நினைவுகூருவது இலகுவாக இருக்கவில்லை. பொலிஸார் வந்து படம் எடுப்பார்கள், பெயர் கேட்பார்கள். நீதிமன்றத் தடையுத்தரவு வாங்கிய ஆண்டுகளும் உண்டு. நிகழ்வை யார் நடத்துவது, யார் முதற் சுடர் ஏற்றுவது என்று எங்களுடைய கட்சிகளும் அமைப்புகளும் சமாதிக்கு முன்னாலேயே முரண்பட்ட ஆண்டுகளும் உண்டு. தடையுத்தரவைக் கண்டிக்கும் அளவுக்கு இரண்டாவதை நாங்கள் கண்டிப்பதில்லை.

இந்த இழுபறிகளுக்கு நடுவில் காணாமல் போவது அவர் கேட்டது என்ன என்பதுதான். அந்த இரண்டு கோரிக்கைகளையும் மறுபடி வாசித்துப் பாருங்கள். தன் இரண்டு மகன்களைச் சுட்டவர்களைத் தண்டிக்கச் சொல்லி அவற்றில் ஒரு சொல் இல்லை. சித்திரவதைக்குள்ளான மகனுக்கு நிவாரணம் கேட்டு ஒரு சொல் இல்லை. கேட்டிருந்தால் அது முழு நியாயம். ஆனால் அவர் இருந்தது அடுத்து சாகப்போகும் பிள்ளைகளுக்காக. சுடுவதை நிறுத்துங்கள், பேசுங்கள் என்றார். போர் நிறுத்தம் என்பது ஒரு தரப்பு மட்டும் செய்யக்கூடியது இல்லை. இரண்டு துவக்குகளும் ஓய வேண்டும். அவருடைய பெயரை எல்லாக் காரியங்களுக்கும் பயன்படுத்திய எங்கள் அரசியல், அவருடைய முதலாவது கோரிக்கையைத்தான் மிகக் குறைவாகப் பயன்படுத்தியது.

அது எவ்வளவு உயிர்களின் கோரிக்கை என்பதை மட்டக்களப்பு அடுத்த இரண்டு வருடத்தில் அறிந்துகொண்டது. இந்தியப் படை போய் மூன்று மாதத்துக்குள், 1990 ஜூனில், புலிகளுக்கும் இலங்கை அரசுக்கும் இடையில் மறுபடி போர் தொடங்கியது. செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள். யாரும் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து, செப்டெம்பர் 9இல், மாமாங்கத்திலிருந்து அதிக தூரமில்லாத சத்துருக்கொண்டானிலும் அயல் கிராமங்களிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். அவர்களில் கைக்குழந்தைகள் இருந்தார்கள். பெத்தாமாரும் இருந்தார்கள்.

கடந்த சில வருடங்களாகச் செய்தி சேகரிக்கப் போகும்போது வீதியோரத் தகரக் கொட்டில்களில் இருக்கும் தாய்மாரைப் பார்க்கிறேன். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் தொடங்கியது அந்தப் போராட்டம். பிறகு வவுனியா, முல்லைத்தீவு, மருதங்கேணி, திருகோணமலை என்று பரவியது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். தொடங்கும்போது தாய்மாராக இருந்தவர்கள் இப்போது பெத்தாமார். பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். இறந்தவர்களின் படங்களும் இப்போது அதே கொட்டிலில் தொங்குகின்றன. ஒருவருக்குப் பிரஷர் குளிசை எடுத்துக் கொடுப்பது, இன்னொருவரின் பேத்தியின் பாடசாலைக் கொப்பிக்குக் காசு சேர்ப்பது, கண் தெரியாதவருக்குக் கடிதம் வாசிப்பது என்று அந்தக் கொட்டிலுக்குள் ஒரு வளவே இயங்குகிறது. செய்தியில் அது வராது. செய்தியில் போராட்டம் இத்தனையாவது நாள் என்ற எண்ணிக்கை மட்டும் வரும். பூபதி அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்படியான ஒரு கொட்டிலில் இருந்தபோதுதான்.

எங்கள் பக்கத்தில் தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கும் தாய் இல்லாதவர்கள் சித்திரைப் பறுவத்துக்கும் விரதம் இருப்பார்கள். பூபதி அம்மா இறந்த வருடம் சித்திரைப் பறுவம் அவருடைய மரணத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் வந்தது. அன்று கோயில்களில் பெரிய கிடாரம் வைத்துச் சித்திரைக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் சேர்த்துக் கொண்டுவந்து போடுவார்கள். பசியோடு வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு கோப்பை வார்ப்பார்கள்.